வியன்னா மாநகராட்சி கட்டிய வீடுகள்

முதல் உலகப் போர் முடிவுற்ற 1918-ஆம் ஆண்டில், வியன்னா நகரத்துத் தொழிலாளியின் வீட்டுக்குள் தண்ணீர்க் குழாய் கிடையாது. மாடிக்கு ஒன்றாக, நடைவழிச் சுவரில் பதித்த இரும்புத் தொட்டியும் அதன்மேல் ஒரு குழாயும் இருக்கும். அதற்கு 'பாஸேனா' என்று பெயர். அந்த மாடியில் குடியிருந்த குடும்பங்கள் யாவும் அங்கேதான் தண்ணீர் பிடித்தன. அங்கேதான் ஊர்க்கதை பேசின. அங்கேதான் சண்டையும் இட்டன. கழிப்பறையும் நடைவழியின் கோடியில் பொதுவாகவே இருந்தது. வீடு எனப்பட்டது ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும். சமையற்கட்டின் சன்னல் வானத்தைப் பார்க்காமல் நடைவழியைப் பார்த்தே திறந்தது. நம் பழைய நகரங்களின் ஒண்டுக்குடித்தனங்களை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. 1917-இல் எடுக்கப்பட்ட கணக்கின்படி, அந்நகரின் தொழிலாளர் வீடுகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் தனிக் குழாயும் இல்லை, தனிக் கழிப்பறையும் இல்லை.

இந்த ஓரறை வீட்டிலும் ஒரு குடும்பம் மட்டுமே வாழ்ந்தது என்று எண்ணிவிடலாகாது. வாடகையை முழுமையாகத் தர இயலாதவர்கள் படுக்கை ஒன்றை வேற்றாளுக்கு உள்வாடகைக்கு விட்டார்கள். இரவு வேலைக்குச் செல்பவர் பகலில் அதில் உறங்குவார். பகல் வேலைக்காரர் இரவில் உறங்குவார். படுக்கை ஆறுவதே இல்லை. காசநோய்க்கு அக்காலத்தில் 'வியன்னா நோய்' என்றே பெயர் வழங்கியதில் வியப்பில்லை.

அதே நகரம் அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைத் தன் சொந்தப் பொறுப்பில் கட்டி, ஏழைத் தொழிலாளிக்குக் கட்டுபடியாகும் வாடகைக்கு விட்டது. பேரரசை இழந்து, பசியால் வாடி, பணமதிப்பு காற்றில் பறந்த ஒரு நாட்டின் தலைநகரம் இதை எவ்வாறு செய்தது என்பதை நாம் அறிய வேண்டும். அறிய வேண்டியது இன்னொன்றும் உண்டு. அந்த வீடுகள் எழுந்தபோது அந்நாட்டுக் கத்தோலிக்கர்களாகிய நம்மவர்கள் எங்கே நின்றார்கள் என்பதே அது. இரண்டையும் பிரித்துச் சொல்ல இயலாது.

கதையின் தொடக்கத்தில் நம்மவர் ஒருவரே நிற்கிறார். கிறிஸ்தவ சமூகக் கட்சியைச் சார்ந்த கார்ல் லூயெகர் 1897 முதல் 1910-இல் இறக்கும்வரை வியன்னாவின் மேயராக இருந்தார். யூதர்மீது அவர் மூட்டிய வெறுப்பு அவர் பெயருக்கு என்றும் நீங்காத களங்கம். அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது நேர்மையாகாது. ஆயினும் நகராட்சி என்பது வெறும் குப்பை அள்ளும் அலுவலகம் அன்று என்பதை அந்நகருக்குக் கற்பித்தவர் அவரே. தனியார் கம்பெனிகளின் கையிலிருந்த எரிவாயு, மின்சாரம், டிராம் ஆகியவற்றை நகரின் உடைமையாக்கினார். மலைச் சுனைகளிலிருந்து இரண்டாவது குடிநீர்க் கால்வாயைக் கட்டச் செய்தார்; அது 1910-இல், அவர் இறந்தபின் திறக்கப்பட்டது. எல்லாம் செய்தவர் வீட்டுப் பிரச்சினையை மட்டும் தொடவில்லை. காரணம் எளியது. அவருக்கு வாக்களித்தவர்களில் வீட்டுச் சொந்தக்காரர்கள் முக்கியமானவர்கள். சொத்தும் வரியும் உள்ளவர்க்கே நகராட்சித் தேர்தலில் வலிமை மிகுந்திருந்த காலம் அது. வாடகைக்குக் குடியிருந்த தொழிலாளியின் குரல் மன்றத்துக்குள் எட்டவில்லை. மனையின் பரப்பில் நூற்றுக்கு 85 பங்குவரை கட்டடத்தால் மூடிவிட்டு, நடுவே ஒளி புகாத ஒரு கிணறு போன்ற முற்றத்தை விட்டுவைத்தால் போதும் என்ற விதி அப்படியே தொடர்ந்தது.

போர்க்காலத்தில், 1917-இல், பேரரசின் அரசாங்கமே வாடகையை உயர்த்தத் தடை விதித்தது. போர்முனையில் நிற்கும் வீரனின் மனைவியைத் தெருவில் தள்ளினால் நாட்டுக்குள் கலகம் மூளும் என்ற அச்சமே அதற்குக் காரணம். போர் முடிந்தபின்னும் அத்தடை நீடித்தது; 1922-இல் சட்டமாகவே ஆனது. இதற்கிடையில் பணவீக்கம் பெருகவே, பழைய வாடகை ஒரு ரொட்டித் துண்டின் விலைக்கும் கீழே இறங்கிற்று. வாடகையால் இலாபமில்லை என்றானதும் தனியார் எவரும் புதிய வீடு கட்ட முன்வரவில்லை. மனை விலை சரிந்தது.

இங்கே சற்று நிற்க வேண்டும். வீட்டுச் சொந்தக்காரர் என்றதும் பெரும் செல்வரையே நாம் நினைக்கிறோம். வாழ்நாள் சேமிப்பைக் கொண்டு ஒரு கட்டடம் வாங்கி, முதுமையில் அதன் வாடகையால் பிழைத்தவர்களும் அவர்களுள் உண்டு. கைம்பெண்கள் உண்டு, ஓய்வுபெற்ற எழுத்தர்கள் உண்டு. அவர்களுடைய வாழ்வு நொறுங்கியது உண்மை. அவர்களுள் பலர் ஞாயிறு தவறாமல் பூசைக்குச் சென்ற கத்தோலிக்கர்கள். பின்னர் எழுந்த கசப்பின் வேர் ஒன்று இங்கே கிடக்கிறது.

1919 மே மாதத்தில், ஆண் பெண் அனைவர்க்கும் சம வாக்குரிமையோடு நகராட்சித் தேர்தல் நடந்தது. 165 இடங்களில் 100 இடங்களைச் சமூக சனநாயகக் கட்சி வென்றது. புதிய மன்றம் பதவி ஏற்றபோது கருவூலம் காலி. வீடற்ற மக்களோ நகரின் ஓரத்துக் காடுகளிலும் திடல்களிலும் பலகைக் குடிசைகள் போட்டுக்கொண்டு, சுற்றிலும் உருளைக்கிழங்கு பயிரிட்டுக் குடியேறிவிட்டிருந்தார்கள். புறம்போக்கில் குடியேறியவர்களைக் கண்டால் அதிகாரிகள் என்ன செய்வார்கள் என்பது எங்கும் தெரிந்த கதை. வியன்னா வேறு வழியைத் தேர்ந்தது. அவர்களைக் கூட்டுறவுச் சங்கங்களாக அமையச் செய்து, நிலத்தை நீண்டகாலக் குத்தகைக்குத் தந்தது. கட்டுமானப் பொருள்களை வாங்கி வழங்க 1921-இல் ஒரு நிறுவனத்தை நிறுவியது. புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் அடோல்ஃப் லோஸ் நகரின் குடியேற்ற அலுவலகத்தில் தலைமைக் கலைஞராகச் சில ஆண்டுகள் பணியாற்றினார். குடியேறுவோர் பணத்துக்குப் பதிலாக உழைப்பைப் பங்காகத் தந்தார்கள். ஆயிரக்கணக்கான மணி நேரம் மண் சுமந்தும் கல் அடுக்கியும் தங்கள் தெருவைத் தாங்களே எழுப்பினார்கள். எந்த வீடு எவருக்கு என்பது பல இடங்களில் கட்டி முடியும்வரை குறிக்கப்படவில்லை என்பர். எல்லா வீட்டையும் ஒரே அக்கறையோடு கட்ட அதைவிடச் சிறந்த வழி நமக்குத் தெரியவில்லை.

ஆனால் தோட்ட வீடுகளால் மட்டும் இருபது இலட்சம் மக்கள் வாழ்ந்த நகரின் தேவையை நிறைவு செய்ய இயலாது. பெரிய அளவில் கட்டப் பணம் வேண்டும். பணம் திரட்ட அதிகாரம் வேண்டும். 1922 சனவரி முதல் நாளில் வியன்னா, தன்னைச் சூழ்ந்திருந்த கீழ் ஆஸ்திரிய மாநிலத்திலிருந்து பிரிந்து தனி மாநிலமாயிற்று. நகராட்சியே மாநில அரசாகவும் ஆனதால், வரி விதிக்கும் உரிமை அதன் கைக்கு வந்தது. இந்த ஒரு நாள் இல்லையேல் மற்றவை எவையும் நடந்திரா.

அந்த உரிமையைப் பயன்படுத்தியவர் நகரின் நிதிப்பொறுப்பாளர் ஹூகோ பிரைட்னர். வங்கி ஒன்றின் இயக்குநராய் இருந்தவர். கணக்கில் கறார் மிகுந்தவர். அவர் 1923-இல் கொண்டுவந்த வீட்டுக் கட்டுமான வரி எல்லா வீடுகள்மீதும் விதிக்கப்பட்டது. ஓரறையில் வாழ்ந்தவரும் ஏதோ சிறிது கட்டினார். ஆனால் வீடு பெரிதாகப் பெரிதாக வரி விகிதம் செங்குத்தாக ஏறியது. மொத்தத் தொகையில் ஏறக்குறைய 45 விழுக்காடு, நகரத்து வீடுகளில் நூற்றுக்கு அரை பங்கேயான மாளிகைகளிலிருந்து வந்தது. இதனோடு மோட்டார் வண்டி, பந்தயக் குதிரை, கேளிக்கை, வீட்டு வேலையாட்கள் ஆகியவற்றின் மீதும் வரிகள் விதிக்கப்பட்டன. முதல் வேலையாளுக்கு வரி இல்லை. அடுத்தவர்களுக்கு எண்ணிக்கை கூடக் கூட வரியும் கூடும். செல்வர்கள் அவரை எவ்வளவு வெறுத்தார்கள் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. அவர் யூதர் என்பதையும் அந்த வெறுப்பு தன் வசதிக்குப் பயன்படுத்திக்கொண்டது.

பிரைட்னரின் உறுதிகளுள் ஒன்றை நாம் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். கட்டடச் செலவுக்கு அவர் கடன் வாங்கவில்லை. வரியாக வந்த பணத்தை அந்தந்த ஆண்டே செங்கல்லாக மாற்றினார். கடன் இல்லாததால் வட்டி இல்லை. வட்டி இல்லாததால், குடியிருப்பவரின் வாடகை பழுதுபார்ப்புக்கும் பராமரிப்புக்கும் ஈடாக இருந்தால் போதும் என்றாயிற்று. போருக்கு முன் தொழிலாளியின் வருமானத்தில் ஏறத்தாழக் கால் பங்கை விழுங்கிய வாடகை, இந்தப் புதிய வீடுகளில் நூற்றுக்கு நான்கு அளவுக்கு இறங்கியது. அதே ஆண்டுகளில் நாட்டின் நடுவண் அரசு, சர்வதேச சங்கத்தின் மேற்பார்வையில், அயல்நாட்டுக் கடனை வாங்கித்தான் தன் நாணயத்தைத் தூக்கி நிறுத்தியது என்பதையும் இதனோடு ஒப்பிடலாம்.

நிலமும் அவ்வாறே. மனை விலை சரிந்து கிடந்த காலத்தில் நகராட்சி ஓசையின்றி வாங்கிக் குவித்தது. தனியார் கட்டாத காலமாதலால் போட்டிக்கு ஆளில்லை. விரைவில் நகரின் மிகப் பெரிய நில உரிமையாளர் நகராட்சியே என்றாயிற்று. மலிவான வீட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் சுவரையும் கூரையையும் பற்றியே பேசுகிறார்கள்; விலையை நிர்ணயிப்பதோ பெரும்பாலும் அடியில் கிடக்கும் மண்.

1923 செப்டம்பரில் மன்றம் ஐந்து ஆண்டுகளில் 25,000 வீடுகள் கட்ட முடிவு செய்தது. அந்த இலக்கு தவணைக்கு முன்பே நிறைவேறியது. 1927-இல் இன்னும் 30,000 வீடுகளுக்குத் திட்டமிட்டார்கள். 1934-க்குள் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் 61,000-க்கும் மேற்பட்ட வீடுகளும், 5,000-க்கும் மேற்பட்ட தோட்ட வீடுகளும் எழுந்தன. நகரத்து மக்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் அவற்றில் வாழ்ந்தனர். வீடு பெறுவோரைப் புள்ளி முறையால் தேர்ந்தார்கள். குழந்தைகளின் எண்ணிக்கை, நோய், அப்போதைய வீட்டின் நெருக்கடி ஆகிய ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு புள்ளி என்று கணக்கு இருந்தது. கட்சிக்காரர்களுக்குச் சலுகை காட்டப்பட்டது என்ற குற்றச்சாட்டும் அன்றே இருந்தது. அது முற்றிலும் பொய் என்று நாம் சாதிக்கப் போவதில்லை.

வீடுகள் பெரியவை அல்ல. தொடக்கத்தில் பெரும்பாலானவை 38 சதுர மீட்டர், சற்றுப் பெரியவை 48. குளியலறை தனியே கிடையாது. வளாகத்தின் பொதுக் குளியல் நிலையத்துக்குத்தான் செல்ல வேண்டும். ஆயினும் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் தண்ணீரும் கழிப்பறையும் இருந்தன. அறைகளின் சன்னல்கள் தெருவையோ முற்றத்தையோ நோக்கித் திறந்தன. மனையில் பாதிக்குமேல் கட்டடம் எழக்கூடாது என்பது புதிய விதி. எஞ்சிய பாதியில் மரங்கள், குழந்தைகள் விளையாடும் திடல், சலவைக் கூடம், மழலையர் பள்ளி, நூலகம். இவற்றுள் புகழ்பெற்றது ஹைலிகென்ஸ்டாட் பகுதியில் கார்ல் ஏன் என்ற நகராட்சிக் கலைஞர் வரைந்த கார்ல் மார்க்ஸ் வளாகம். 1930 அக்டோபரில் திறக்கப்பட்டது, ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளம், 1,382 வீடுகள். அதன் பரந்த நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கட்டடம் நின்றது.

பெயரைப் பாருங்கள்: கார்ல் மார்க்ஸ். இனி நம்மவர் கதைக்கு வர வேண்டும்.

அந்நாளில் ஆஸ்திரிய நாட்டின் முதன்மை அமைச்சர் ஒரு கத்தோலிக்கக் குரு. மேதகு இக்னாட்ஸ் சைப்பெல் 1922 முதல் 1924 வரையிலும், மீண்டும் 1926 முதல் 1929 வரையிலும் அப்பதவியில் இருந்தார். ஒழுக்கநெறி இறையியல் கற்பித்த பேராசிரியர். திருச்சபைத் தந்தையரின் பொருளாதார அறநெறிப் போதனைகளைப் பற்றி 1907-இல் அவர் எழுதிய ஆய்வு நூல் அறிஞர்களிடையே மதிப்புப் பெற்றது. உபரியாக வைத்திருப்பது ஏழைக்கு உரியது என்று முழங்கிய புனித பசிலியாரையும் புனித கிறிசோஸ்தோமையும் குருமடத்தில் நாமெல்லாம் படித்தோம். அவரோ அவர்களைப் பற்றி நூலே எழுதியவர். தனி வாழ்வில் எளியவர், துறவு மனம் கொண்டவர் என்று பகைவரும் ஒப்புக்கொண்டனர். இத்தகையவர் தம் கண்ணெதிரே, அதே நகரில், காசநோய் வீடுகளுக்குப் பதிலாக ஒளி நிறைந்த வீடுகள் எழுவதைக் கண்டு எதிரணியின் தலைவராகவே நின்றார்.

ஏன்? அவரைக் கண்டிப்பது எளிது. அவர் அஞ்சியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. நகரை ஆண்ட கட்சி திருச்சபையை விட்டு விலகுமாறு தொழிலாளர்களைத் தூண்டியது. பள்ளிகளில் வழிபாட்டுக் கடமைகள் 1919-இல் நீக்கப்பட்டன. அன்றைய திருச்சபை தடை செய்திருந்த உடல் எரிப்புக்கென நகராட்சி 1922-இல் எரிமேடை ஒன்றைத் திறந்தது. தொட்டில் முதல் சுடுகாடுவரை திருச்சபை இல்லாத ஒரு வாழ்வை அமைப்பதே அவர்கள் நோக்கம் என்று ஆயர்கள் கருதியதில் உண்மை இருந்தது. புதிய வளாகங்களில் நூலகமும் குளியல் நிலையமும் உண்டு, ஆலயம் இல்லை. மேலும், திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் வெளியிட்ட தொழிலாளர் நிலை பற்றிய சுற்றுமடல், தனிச் சொத்தை அளவுமீறிய வரியால் அரசு உறிஞ்சிவிடலாகாது என்று எச்சரித்திருந்தது. பிரைட்னரின் வரியை எதிர்த்தவர்களுக்கு அந்தப் பகுதி கைக்கு எளிதாக அகப்பட்டது. செல்வர்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்வர், ஏழைகளுக்கோ அரசின் பாதுகாப்பு சிறப்பாகத் தேவை என்று அதே சுற்றுமடல் கூறும் பகுதி அத்தனை எளிதாக அகப்படவில்லை.

தவறு எங்கே நேர்ந்தது? வீட்டைக் கட்டியவரின் கொள்கையை மறுப்பதும், கட்டப்பட்ட வீட்டை மறுப்பதும் ஒன்றல்ல என்பதை நம்மவர்கள் காணத் தவறினார்கள் என்றே நாம் கருதுகிறோம். இவ்விரண்டையும் பிரித்துக் காண முயன்ற கத்தோலிக்கர் சிலர் இருந்தனர். 1926-இல் சமய நம்பிக்கையுள்ள சமதர்மவாதிகள் சங்கம் ஒன்று அங்கே தோன்றியது. அதன் தலைவர் ஒரு தொழிலாளி. 1931-இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர், ஒருவர் ஒரே வேளையில் நல்ல கத்தோலிக்கராகவும் உண்மையான சமதர்மவாதியாகவும் இருத்தல் இயலாது என்று அறிவித்தபின் அவர்களுடைய நிலை மிகவும் கடினமாயிற்று.

1927 சூலை 15 அன்று நீதிமன்ற மாளிகை எரிந்தது. காவலர் சுட்டதில் பெரும்பாலும் தொழிலாளர்களாக எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாடாளுமன்றத்தில் பேசிய சைப்பெல், கலகத்துக்குப் பொறுப்பானவர்களிடம் இரக்கம் காட்டுமாறு தம்மைக் கேட்க வேண்டாம் என்ற பொருளில் உரைத்தார். 'இரக்கமற்ற குரு' என்ற பெயர் அன்று முதல் அவருக்கு நிலைத்தது. அவ்வாண்டிலேயே ஆயிரக்கணக்கானோர் திருச்சபையை விட்டு முறைப்படி விலகினர். அவர்களுள் எத்தனை பேர் பிரைட்னரின் பிரசாரத்தால் விலகினர், எத்தனை பேர் அந்த ஒரு சொற்பொழிவால் விலகினர் என்று யார் சொல்லக்கூடும்?

1930-களில் பொருளாதார மந்தம் கவிந்தது. நகராட்சியின் தனி வரிகளே கட்டுமானச் செலவு முழுவதையும் ஈடுசெய்ததில்லை. நடுவண் வரிகளில் கிடைத்த பங்கும் அதற்குத் தேவைப்பட்டது. அந்தப் பங்கை நடுவண் அரசு 1931 முதல் குறைத்துக்கொண்டே வந்தது. எங்கும் நகராட்சிகளின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. அதை அறுக்கப் பீரங்கி தேவையில்லை. ஆயினும் பீரங்கியும் வந்தது. 1933 மார்ச்சில் நாடாளுமன்றத்தை முடக்கிய எங்கெல்பெர்ட் டோல்ஃபுஸின் அரசு, 1934 பிப்ரவரி 12 அன்று மூண்ட உள்நாட்டுச் சண்டையில் தொழிலாளர் குடியிருப்புகள்மீது பீரங்கியால் சுட்டது. கார்ல் மார்க்ஸ் வளாகத்தின் சுவர்கள் துளைக்கப்பட்டன. மேயர் கார்ல் சைட்ஸ் கைதானார். ஒன்பது பேர் தூக்கிலிடப்பட்டனர்; அவர்களுள் படுகாயமுற்ற ஒருவரைத் தூக்குமேடைக்குக் கட்டிலில் வைத்துச் சுமந்து சென்றார்கள். அதே ஆண்டு மே முதல் நாளில், தன்னைக் கிறிஸ்தவ நாடு என்று அழைத்துக்கொண்ட புதிய அரசியலமைப்பும், திருப்பீடத்தோடு செய்த உடன்படிக்கையும் ஒருங்கே நடைமுறைக்கு வந்தன. அந்த அரசு பதினோராம் பத்திநாதரின் சுற்றுமடலையே தன் அடித்தளம் என்று பறைசாற்றியது. வீடு கட்டும் பெரும் திட்டம் அத்துடன் நின்றது. 1938-இல் நாசிகள் வந்தபின், நகராட்சி வீடுகளில் குடியிருந்த யூதக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. ஏழையைக் காக்கக் கட்டிய வீடு, ஆள்வோர் மாறியதும் ஏழையைத் துரத்தும் கருவியாகவும் ஆகக்கூடும் என்பதற்கு இது சான்று.

போருக்குப் பின் இரு தரப்பாரும் மாறினர். 1952-இல் மரியாசெல் திருத்தலத்தில் கூடிய கத்தோலிக்கர், சுதந்திர சமுதாயத்தில் சுதந்திரத் திருச்சபை என்ற நிலைப்பாட்டை ஏற்று, கட்சிகளின் பாதுகாப்பைத் துறந்தனர். வியன்னாவின் பேராயர் கர்தினால் ஃபிரான்ஸ் கோனிக் 1973-இல் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைமைக் குழுவினரிடையே சென்று உரையாற்றினார். தாம் எந்தவொரு கட்சிக்கும் ஆயர் அல்லர், எல்லாருக்கும் ஆயர் என்பதை அவர்களுக்கு எடுத்துரைத்தார். பீரங்கி முழங்கி அப்போது முப்பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

நகராட்சியும் கட்டுவதைத் தொடர்ந்தது. இன்று அதன் உடைமையில் ஏறத்தாழ 2,20,000 வீடுகள் உள்ளன. நகர மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் நகராட்சி வீட்டிலோ அரசு மானியம் பெற்ற வீட்டிலோ வாழ்கின்றனர். வழிமுறைகள் மாறின. 1984-இல் நிறுவிய நிதியம் ஒன்று நிலத்தை முன்கூட்டியே வாங்கி வைக்கிறது. இலாப வரம்புள்ள சங்கங்கள் அதில் கட்டுகின்றன. 2018-இல் செய்த விதித் திருத்தம், புதிதாகக் குடியிருப்புக்கென ஒதுக்கப்படும் பெரிய மனைகளில் மூன்றில் இரு பங்கை மானிய வீடுகளுக்கே உரியதாக்க வழிசெய்தது. குறைகளும் உண்டு. 2004-க்குப் பின் பல ஆண்டுகள் நகராட்சி தானாக ஒரு வீடும் கட்டவில்லை. மீண்டும் கட்டிய முதல் வளாகம் 2019-இல்தான் திறக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து குடிவந்த தொழிலாளர்களுக்கு 2006 வரை நகராட்சி வீடுகளின் கதவு ஏறக்குறைய மூடியே இருந்தது. இன்றும் புதிதாய் வருபவர் ஈராண்டு அந்நகரில் பதிவு பெற்று வாழ்ந்த பின்னரே விண்ணப்பிக்க இயலும். அதுவரை அவருக்குத் தனியார் வாடகைதான் கதி.

கார்ல் மார்க்ஸ் வளாகத்தில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். 1990-ஐ ஒட்டிய புதுப்பிப்பின்போது சிறிய வீடுகள் சிலவற்றை ஒன்றோடொன்று இணைத்ததால் வீடுகளின் எண்ணிக்கை சற்றுக் குறைந்தது. அதன் பழைய சலவைக் கூடங்களில் ஒன்றின் மாடியில் இப்போது அந்த ஆண்டுகளின் வரலாற்றைக் காட்டும் கண்காட்சி இருக்கிறது.